ஐராவதியின் இத்தா

786
டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
30 ஜனவரி 1966

லூர்துநாதன் அண்ணனுக்கு அஸ்மா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் விசாரிக்காததால் நானும் விட்டுவிடுகிறேன். உங்கள் பாய் மவுத்தாகி இன்றோடு இருபத்தைந்து நாள் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். நோன்பு பதின்மூன்றில் போய்விட்டார்கள். போலீஸ் வயர்லெஸ்ஸில் உங்களுக்குச் சேதி அனுப்பியதாக அவர் அண்ணன் அப்துல் கனி காக்கா சொன்னார். அன்றைக்கே அடக்கம் என்பதால் நீங்கள் வந்து சேர முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆறு வருஷமாகப் பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டில் வட்டிலாப்பம் சாப்பிட்டவர் நீங்கள். இந்தப் பெருநாளுக்கு நான் அடுப்புப் பக்கமே போகவில்லை.

நான் இத்தாவில் இருக்கிறேன். உங்கள் மனைவி கிளாரா அக்கா எழுதியிருப்பார், இருந்தாலும் சொல்கிறேன். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. எனக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஜன்னல். தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டு வேலியும் தெரியும். மே பதினான்காம் தேதி முடிகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று காக்காவின் மனைவி ரஷீதா லாத்தாவிடம் கேட்டேன். "எழுத்துக்கு ஏதுடி மொகம், எழுதிக்கோ" என்றார்.

விஷயம் ஐராவதி. பாய் ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய ரங்கூன் படகை கல்யாணத்துக்காக எனக்குச் சேர வேண்டிய மஹராக எழுதிக் கொடுத்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். காக்கா அதை மறுக்கவில்லை. "ஓடாத போட்டு ஒனக்கு எதுக்கு" என்றுதான் கேட்கிறார். தம்பி மனைவியைத் தனியாக இந்தத் தீவில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பதில் சொல்ல அவரால் முடியாதாம். கடைசியில் ஜமாஅத் பெரியவர் முன்னால் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். மே இரண்டாம் வாரம் சர்வேயர் படகுகளைப் பரிசோதிக்க உங்கள் பக்கம் வருகிறார். ஐராவதி அதில் தேறி, ஆள் ஏற்ற லைசென்ஸ் வாங்கினால் நான் இங்கேயே இருந்து அதை ஓட்டிப் பிழைக்கலாம். தேறாவிட்டால் எஞ்சினும் தேக்குப் பலகையும் மாயாபந்தர் கான்ட்ராக்டருக்கு. நான் அடுத்த கப்பலில் காயல்பட்டினத்துக்கு.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா பிப்ரவரி பதின்மூன்று. அதற்காவது வாருங்கள். நீங்கள் அங்கே வயரிங் போட்டுக்கொண்டிருக்கும் படகு எந்த நிலையில் இருக்கிறதென்று காக்காவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அஸ்மா


மாதா துணை
ஏரியல் பே, ஆற்றுக்கழி
9 பிப்ரவரி 1966

பாய் வீட்டு அம்மா அவர்களுக்கு லூர்துநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

உங்களுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. போலீஸ்காரர் வந்து பாய் போன சேதியைச் சொன்னபோது என் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தேடுகிறேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்.

நாற்பதாம் நாளுக்கு வரத்தான் நினைத்தேன். கப்பலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கே அப்படித்தான், ஒரு கப்பலை விட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம்.

வயரிங் வேலை நன்றாகப் போகிறது. பழைய வயர் எல்லாம் ரப்பர் உதிர்ந்து, எலி தின்று, தொட்டால் பொடியாகக் கொட்டியது. ஒரு முழம் விடாமல் உருவிப் போட்டுவிட்டேன். புதுசாகத் தேக்குப் பட்டை அடித்து, அதன்மேல் வயர் ஓட்டி, கிளிப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை, பாய்மரக் கம்பத்தில் வெள்ளை, மூன்றும் எரிகின்றன. கேபினில் நாலு விளக்கு. ஹாரன் அடித்தால் அக்கரையில் இருக்கும் வங்காளிக் குடியேற்றத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. எல்லாம் இருபத்துநாலு வோல்ட் பேட்டரி, வீட்டு கரண்ட் மாதிரி இல்லை, பயப்பட வேண்டியதே இல்லை. பாய் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒரு சின்னச் சாமான் வேண்டும். அரை இஞ்ச் பித்தளை போல்ட், ஆறு இஞ்ச் நீளம், நட்டோடு. ஐம்பது கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் கிடைத்தால் அதுவும். பலகை இடுக்கில் திணிக்கும் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் கொஞ்சம். கிளாராவிடம் சொன்னால் அபர்தீன் பஜாரில் வாங்கிக் கப்பலில் போட்டுவிடுவாள்.

தங்கள் உண்மையுள்ள,
லூர்துநாதன்


டெய்ரி ஃபார்ம்
20 பிப்ரவரி 1966

லூர்துநாதன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஏறி வந்த கப்பலில் உங்களுக்கு மட்டும் இடமில்லையா? அந்தக் கப்பலில் திக்லிபூரிலிருந்து முப்பது பேர் வந்து சாத்தம் ஜெட்டியில் இறங்கினார்களாம். நாலு ஆடும் இறங்கியதாம். கிளாரா அக்கா உங்களை அழைத்துப்போக ஜெட்டிக்குப் போய் நின்று, ஆடுகள் இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

நீங்கள் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர் இல்லை. அதனால்தான் இவ்வளவு மோசமாகச் சொல்கிறீர்கள்.

நாற்பதாம் நாள் நல்லபடியாக முடிந்தது. ஆண்கள் முன்கட்டில் ஓதினார்கள், நான் பின்கட்டில் கேட்டேன். காக்கா இரண்டு முறை வாசலுக்குப் போய் நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்தாராம். பிறகு லாத்தாவிடம், "சாட்சிக்காரனே வரல, அப்ப போட்டு எந்த லெச்சணத்துல கெடக்கும்" என்றார். கதவுக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்துதான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அண்ணன். கெட்டவராக இருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

போல்ட் நாற்பத்தெட்டு கிடைத்தது. அனுப்பியிருக்கிறேன். விளக்கு எரிய வைப்பவருக்கு ஆறு இஞ்ச் போல்ட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கும் புரியவில்லையாம்.

அடுத்த கப்பலில் வாருங்கள். இரண்டு நாள் இருந்து காக்காவிடம் பேசிவிட்டுத் திரும்பிப் போங்கள். என்னால் வாசற்படி தாண்ட முடியாது. உங்களால் முடியும்.

அஸ்மா


ஏரியல் பே
3 மார்ச் 1966

பாய் வீட்டு அம்மாவுக்கு,

போல்ட் வந்தது. நன்றி. இன்னும் முப்பது இருந்தால் அனுப்பவும்.

நான் வர முடியாது. ஏன் என்று கேட்க வேண்டாம். கப்பலில் இடமில்லை என்று எழுதியது பொய்தான். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏதோ வெளியே சுதந்திரமாக இருப்பதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கழியில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும். ஏறுகிற நேரம் இரண்டுக்கும் நான் படகில் இருந்தாக வேண்டும். திக்லிபூர் பஜாருக்கு அரிசி வாங்கப் போனால் அரைப் பேச்சில் எழுந்து ஓடி வருகிறேன். கிறிஸ்துமஸ் பூசைகூட எனக்கு இல்லை. சுற்றிலும் அலையாத்தி மரம், சேறு, கொசு. எதிர்க்கரையில் ஒரு முதலை படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. அதற்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. கிளாராவைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. அவள் வெங்காயம் உரித்ததை நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் வேறு வயர்மேனை அனுப்புங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். வருகிறவர் ஒரு நாள் இங்கே இருந்து பார்க்கட்டும்.

லூர்துநாதன்


டெய்ரி ஃபார்ம்
15 மார்ச் 1966

லூர்துநாதன் அண்ணனுக்கு,

முப்பது போல்ட் அனுப்பியிருக்கிறேன். என் காதிலிருந்து கழற்றி வைத்திருந்ததைக் கிளாரா அக்காவிடம் கொடுத்தேன். இத்தாவில் நகை போடக் கூடாது, அதனால் யாரும் தேடவில்லை.

வேறு வயர்மேனை அனுப்பப் போவதில்லை. வேறு யாரை எனக்குத் தெரியும்?

காக்கா கப்பல் ஆபீஸில் மே கடைசிக்கு மெயின்லேண்ட் டிக்கெட் சொல்லி வைத்துவிட்டார். பெண் பெயரில் ஒன்று, துணைக்கு ஒன்று. காயல்பட்டினத்தில் என் அண்ணன்மார் வீட்டில் எனக்கு ஓர் இடம் ஒழித்து வைத்திருக்கிறார்களாம், நெல் குதிருக்குப் பக்கத்தில். மூன்று மதினிமார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்து இரக்கப்படுவார்கள், நான் சாகிற வரைக்கும். இங்கே உங்கள் பாய் என்னைக் கடற்கரை ரோட்டில் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். படகு ஓடினால் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் என்னை உட்கார வைப்பேன் என்று சொன்னார். நாலு மாதம் பத்து நாளை நான் எண்ணிக்கொண்டு இருந்துவிடுவேன். அங்கே போனால் எனக்கு இத்தா முடியவே முடியாது.

அதனால் கேட்கிறேன். ஐராவதிக்கு என்ன ஆயிற்று? நான் அழுவேன் என்று பயப்பட வேண்டாம். அதை முடித்துவிட்டேன்.

அஸ்மா


ஏரியல் பே
28 மார்ச் 1966

அம்மா,

ஐராவதி முழுகிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதமாக முழுகிக்கொண்டிருக்கிறது. நான் இறைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் நான்தான்.

இதை எழுதிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன். இனி முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடம் எர்த் கம்பி. கையில் படுகிற இரும்பு எதுவானாலும் எர்த்தோடு சேர்த்துவிடு, யாரும் ஷாக் அடித்துச் சாக மாட்டார்கள் என்று சொல்லித் தருவார்கள். தூத்துக்குடியிலும் இங்கேயுமாக இருபது வருஷம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அதைத்தான் செய்தேன். நவம்பரில் பாய் இங்கே வந்து மூன்று வாரம் தங்கினார் இல்லையா, அப்போது ஒரு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "லூர்து, இது என் வீட்டுக்காரி ஏறப்போற போட்டு. சுத்தியும் உப்புத்தண்ணி. கரண்ட் கிரண்ட் பாஞ்சிரக் கூடாது, பாத்துக்க" என்றார். இருபத்துநாலு வோல்ட்டில் கோழிக்குஞ்சுகூடச் சாகாது என்று சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நான் பெரிய ஆள் மாதிரி, "ஒத்த ஆணி விடாம எர்த் பண்ணிருதேன் பாய், அம்மா தைரியமா ஏறட்டும்" என்றேன்.

அப்படியே செய்தேன். படகின் பலகைகளைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரு செம்புக் கம்பியால் வரிசையாகக் கோத்து எஞ்சினோடும் பேட்டரியோடும் சேர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒரு வேலை செய்ததில்லை. பாய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அடுத்த கப்பலில் உங்களிடம் வந்துவிட்டார்.

வீட்டில் எர்த் மண்ணுக்குள் போகும். படகில் கடலுக்குள் போகிறது. தரைப் பலகைக்கு அடியில் எங்கேயோ ஈரத்தில் கரண்ட் கசிந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் கசிகிற கரண்ட் போகிற வழியில் இருக்கும் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். சும்மா விட்டிருந்தால் ஒரு போல்ட், இரண்டு போல்ட் போயிருக்கும். நான் கம்பி கோத்து எல்லாவற்றுக்கும் வழி போட்டுக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உள்ளே முழங்கால் தண்ணீர். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். கட்டை விரல் தடிமன் இருந்தது, வேப்பங்குச்சி மாதிரி கையோடு வந்தது. அன்றைக்கே கம்பியை அறுத்து எறிந்தேன். போனது போனதுதான்.

பாய்க்கு எழுதலாம் என்று பேப்பர் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் போலீஸ்காரர் வந்தார்.

இப்போது ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கைப்பம்பு அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிறேன். ஒரு தரம் விட்டால் படகு எழும்பாது. சேறு உள்ளே புகுந்து அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால்தான் பாய் போன சேதி கேட்டும் வரவில்லை, நாற்பதுக்கும் வரவில்லை. அக்கரை வங்காளிக் கிழவர் தினமும் டிங்கியில் போகும்போது, "டூபேகா, மிஸ்திரி, டூபேகா" என்கிறார். முழுகும், முழுகும் என்று. ஒரு நாளாவது வேறு ஏதாவது சொன்னால் என்ன?

நான் உங்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் இங்கே சோறு இறங்கவில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

லூர்துநாதன்


டெய்ரி ஃபார்ம்
12 ஏப்ரல் 1966

லூர்துநாதன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். பிறகு கஞ்சிப் பசை போட்டு ஒட்டினேன். லாத்தா பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். படகுக்குச் சாமான் பட்டியல் என்றேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை. என் படகைத் தின்னக் கொடுத்துவிட்டு, இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். அந்தக் கடிதத்தை நான் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மனசு சரியில்லாதபோது எடுத்து, சிவப்பு, பச்சை, வெள்ளை என்று படிப்பேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதை எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் கம்பி கோத்ததற்கு உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் அப்படித்தான். நான் கிணற்றில் தண்ணீர் எடுத்தால்கூடக் கயிறு பழசா என்று வந்து பார்ப்பார். அவர் பயந்தார், அவருக்காக நீங்கள் செய்தீர்கள், நான் ஏறுவதற்காக. இதில் நான் யாரைப் பிடித்து உலுக்குவது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. நானும் இந்த அறையில் ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது உங்களுக்கு வேண்டாம்.

கேட்கிறதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எத்தனை போல்ட் மாற்றியாயிற்று? எத்தனை பாக்கி? மே இரண்டாம் வாரம் சர்வேயர் வந்து ஏறினால் தேறுமா, தேறாதா?

அஸ்மா


ஏரியல் பே
24 ஏப்ரல் 1966

தங்கச்சிக்கு,

அப்படிக் கூப்பிடலாம் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றியது. தப்பென்றால் சொல்லுங்கள்.

மாற்றியது எழுபத்தெட்டு. பாக்கி நூற்றுமுப்பத்துநாலு. வற்றத்தில் வெளியே தெரிகிற பலகைகளில் உள்ளதை முடித்துவிட்டேன். பாக்கி எல்லாம் அடிப்பக்கம், சேற்றுக்குள். படகைக் கரையில் தூக்கி வைக்காமல் அதைத் தொட முடியாது.

தேறுமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால் தேறாது. வேறு விதமாகச் சொன்னால் தேறும். சர்வேயர் ஒரு மணி நேரம்தான் இருப்பார். வருவதற்கு முன்னால் தண்ணீரை ஒட்ட இறைத்து, இடுக்குகளில் சிமென்ட் பூசி, மேலே தார், அதற்கு மேல் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் அடியைத் தட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றாது. விளக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். ஹாரன் அடிப்பேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கையெழுத்துப் போட்டுவிடுவார், எனக்கு நிச்சயம்.

அதற்குப் பிறகு நாற்பது பேர் ஏறுவார்கள். நெல் மூட்டை ஏறும், பிள்ளைகள் ஏறும். நான் கூடவே இருந்து இறைப்பேன். மற்றதை மாதாவிடம் விட வேண்டியதுதான். நீங்கள் செய் என்று சொன்னால் செய்கிறேன். உங்களை அந்த நெல் குதிருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க எனக்குச் சம்மதமில்லை. பாவம் என்னுடையதாக இருக்கட்டும்.

இன்னொரு வழி இருந்தது. நாள்தான் இல்லை. மரம் வெட்டும் முகாமில் குழந்தைவேலு என்று நம்ம ஊர்ப் பக்கத்து யானைப்பாகன் ஒருவர் இருக்கிறார். ஜூனில் மழை பிடித்துவிட்டால் மர வேலை நின்றுவிடும், யானைகள் சும்மா நிற்கும். இரண்டு யானையைக் கொண்டுவந்து உருட்டுக்கட்டை போட்டுப் படகை மேட்டில் இழுத்து வைத்துவிடலாம் என்கிறார். மேட்டில் ஏறிவிட்டால் இறைக்க வேண்டாம். நிதானமாக ஒவ்வொரு போல்ட்டாக மாற்றலாம். புதுப் படகாக இறக்கலாம். ஆனால் ஆகஸ்ட் முடிந்துவிடும். நமக்கு இருப்பது மே பதினான்கு.

சர்வேயர் பன்னிரண்டாம் தேதி வருகிறாராம். அதற்கு முன் உங்கள் வார்த்தை வர வேண்டும். பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். டப்பாவைத் திறக்கவில்லை.

லூர்துநாதன்


786
டெய்ரி ஃபார்ம்
8 மே 1966

லூர்து அண்ணனுக்குத் தங்கச்சி எழுதுவது.

பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். படகு தயாராக இல்லை, மழை கழிந்து வாருங்கள் என்று சர்வேயர் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கிளாரா அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீஸில் பெண்பிள்ளை கடிதம் கொண்டுவருகிறாளே என்று பார்த்தார்களாம். பார்த்தால் பார்க்கட்டும்.

இனி எழுதப்போவதை ஒரு வெளி ஆணுக்கு நான் எழுதக் கூடாது. கிளாரா அக்காவிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் உங்களுடையதை நீங்களே எழுதினீர்கள்.

எனக்கு ஐந்தாவது மாதம். பாய்க்குத் தெரியாது. அவர் போகும்போது எனக்கே தெரியாது. பிப்ரவரியில் தெரிந்தது, யாருக்கும் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் நாலு மாதம் பத்து நாள் என்ற கணக்கு இல்லை, அண்ணன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் இத்தா. சொன்னால் மே பதினான்கு போய்விடும். லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கே கப்பல் ஏறி ஐராவதியில் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சுவரில் ஜன்னலுக்குக் கீழே நாளைக்கு ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளைச் சேலையை மூன்று சுற்றுச் சுற்றி மறைத்தேன். லாத்தாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று மாதா மாதம் ஐந்து நாள் தொழாமல் இருந்தேன். பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். பாங்கு சத்தம் கேட்கும்போது அந்த ஐந்து நாளும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். புருஷனுக்கு இருக்க வேண்டிய இத்தாவை இருந்ததாகக் காட்டிவிட்டு இறங்கிப் போகத் துணிந்துவிட்டேன்.

சிமென்ட், தார், அதற்கு மேல் புதுப் பெயின்ட் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அதே வேலையைத்தான் நான் இந்த அறையில் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு லாத்தாவைக் கூப்பிட்டு, அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். முதலில் என்னை ஓர் அறை அறைந்தார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். சாயங்கால அஸர் தொழுகைக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. காக்கா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். செருப்புக் கால் மட்டும் தெரிந்தது.

"எந் தம்பி புள்ள" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "அது பொறக்குற வரைக்கும் யாரும் எங்கயும் போவ வேணாம். டிக்கெட்ட நான் திருப்பிக் குடுத்துர்றேன். போட்டும் கெடக்குற எடத்துல கெடக்கட்டும்" என்றார்.

கான்ட்ராக்டருக்கும் இல்லையென்று சொல்லிவிட்டாராம். பிள்ளை பிறந்த பிறகு எதுவானாலும் பேசிக்கொள்ளலாம் என்கிறார். அப்போது பேசட்டும். அப்போது ஐராவதி மேட்டிலிருந்து இறங்கியிருக்கும்.

லாத்தா கணக்குப்படி எனக்கு செப்டம்பர் முதல் வாரம். நீங்கள் கேட்ட ஆகஸ்டை நான் கொடுத்துவிட்டேன். கோடு நூற்று முப்பதில் இன்னும் ஆறுதான் பாக்கி இருந்தது. நேற்று உட்கார்ந்து அதன் கீழே புதிதாக வரிசை தொடங்கினேன். நூற்றுப் பதினைந்துக்கு மேல் போட வேண்டியிருக்கும், சுவரில் இடம் இருக்கிறது. இந்த அறையில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்கலாம். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாக்கி போல்ட்டுக்கு என் கை வளையல் இரண்டும் கிளாரா அக்காவிடம் போயிருக்கிறது. நூற்றுமுப்பத்துநாலும் வரும். எர்த் கம்பி ஒரு முழம்கூடப் போடாதீர்கள்.

ஜூன் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. யானை வருகிற வரைக்கும் நீங்கள் இறையுங்கள். நான் இங்கே இருக்கிறேன்.

அஸ்மா